வீட்டு மேஜையில் ஒரு நெட்வொர்க்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த மேடையில் உபன்யாசம் நடக்கும், இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி டாக்டர் வருவார். இந்தத் தடவை நம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நம்மாத்துப் பசங்க நிறையப் பேர் நெட்வொர்க்கிங் படிக்கறா. கிளாஸுக்குப் பணத்தைக் கொட்டிட்டு, சர்ட்டிபிகேட்டும் வாங்கிண்டு, வேலை கிடைக்காம உட்கார்ந்திண்டிருக்கா. நீங்க இருபத்தஞ்சு வருஷம் அதிலேயே இருந்தவர். வந்து ஏதாவது சொல்லுங்கோ" என்றார். அதனால் இன்று நான் பேசப்போவது, வீட்டில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே ரூட்டர்களையும் ஸ்விட்சுகளையும் உண்டாக்கி, ஒரு முழு நெட்வொர்க்கையே ஓட்டிப் பழகுவது எப்படி என்பதைப் பற்றி. கம்ப்யூட்டர் பக்கமே போகாத மாமாக்களும் மாமிகளும் எழுந்து காப்பிக்குப் போய்விட வேண்டாம். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிக் கதை வருகிறது.

முதலில் ரூட்டர் என்றால் என்ன, ஸ்விட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேன்தான் ஸ்விட்ச். எந்த ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். தெரியாத பெயருக்கு ஒரு பார்சல் வந்தால் எல்லா ஃப்ளாட் மணியையும் அடித்துக் கேட்பான். ரூட்டர் என்பது தபால் பிரிக்கும் ஆபீஸ். அதற்கு ஃப்ளாட்டுகளைப் பற்றிக் கவலையில்லை. இந்தக் கட்டு தாதர் பக்கம், அந்தக் கட்டு புனே பக்கம் என்று திசை பார்த்து அனுப்பும். வாட்ச்மேன் எல்லா மணியையும் அடிப்பான் என்றேனே, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தேவைப்படும்.

இப்போது பசங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்கோ கம்பெனி நடத்தும் சிசிஎன்ஏ என்ற பரீட்சை இந்தத் துறைக்கு வாசற்படி மாதிரி. இப்போதைய பரீட்சையின் எண் 200-301; 2020 பிப்ரவரியிலிருந்து நடக்கிறது. கட்டணமே 300 அமெரிக்க டாலர், வரி தனி. இதற்குப் படிக்கிறேன் என்று சொல்லிப் பலர் செய்வது என்னவென்றால், முன்னால் எழுதியவர்கள் நினைவிலிருந்து எடுத்துப் பரப்பிய கேள்விகளையும் விடைகளையும் அப்படியே உருப்போடுவது. நம்மவர்களுக்கு உருப்போடச் சொல்லித்தரவா வேண்டும்? பாஸாகிவிடுகிறார்கள். பிறகு இன்டர்வியூவில் உட்காருகிறார்கள்.

அந்த மேஜையின் இந்தப் பக்கத்தில் நான் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரிடமும் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "இரண்டு ரூட்டருக்கு நடுவில் ஒரு கேபிள். இதிலிருந்து அதற்குப் பிங் போகிறது. ஆனால் ஓஎஸ்பிஎஃப் உறவு எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. எதைப் பார்ப்பீர்கள்?" இதற்கு ஒரு பையன், டவுன், இனிட், டூவே என்று ஆரம்பித்து ஃபுல் வரைக்கும் எல்லா நிலைகளையும் மூச்சு விடாமல் ஸ்லோகம் மாதிரி ஒப்பித்தான். ஸ்வரம் தப்பவில்லை. "சரி, எதைப் பார்ப்பாய்?" என்றேன். மறுபடியும் டவுனிலிருந்து ஆரம்பித்தான். கெட்டிக்காரப் பையன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் ஒரு ரூட்டர் கெட்டுப்போய்ப் பார்த்ததே கிடையாது.

விடை சின்னது. ஒரு பக்கம் எம்டியு 1500 என்றும் மறு பக்கம் 1400 என்றும் இருந்தால் இப்படி ஆகும். எம்டியு என்பது ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. பிங் பொட்டலம் சின்னது, நுழைந்துவிடும். ஓஎஸ்பிஎஃப் தன் தகவல் பொட்டலத்தில் எம்டியுவையும் எழுதி அனுப்பும். எதிர் ரூட்டர் "இவ்வளவு பெரியதை என்னால் வாங்க முடியாது" என்று தள்ளிவிடும். உறவு அங்கேயே நின்றுவிடும். வீட்டு லேபில் இதை உண்டாக்க ஐந்து நிமிஷம் போதும். ஒரு பக்கம் எம்டியுவை மாற்றிவிட்டு, வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கம்பியில் போகிற பொட்டலங்களைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தடவை பார்த்தவன் எண்பது வயசானாலும் மறக்க மாட்டான்.

முன்பெல்லாம் இதற்கு நிஜச் சாமான் வாங்க வேண்டும். இங்கே மும்பையில் லாமிங்டன் ரோடு, டில்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று அலைந்து, கம்பெனிகள் கழித்துப்போட்ட ரூட்டர்களைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வருவார்கள். மூன்று ரூட்டர், இரண்டு ஸ்விட்ச் இருந்தால் அறையில் மிக்ஸி ஓடுகிற மாதிரி விசிறிச் சத்தம், சூடு, கரண்ட் பில். ஆத்துக்காரி ஒரு மாசம் பொறுப்பாள், அவ்வளவுதான்.

2005இல் பிரான்ஸ் தேசத்தில் கிறிஸ்டாஃப் ஃபியோ என்பவர் டைனமிப்ஸ் என்று ஒரு மென்பொருள் எழுதினார். சிஸ்கோ 7200 என்ற பெரிய ரூட்டரின் எலெக்ட்ரானிக் உள்ளுறுப்புகளையெல்லாம் சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் பாவனையாக உண்டாக்கியது அது. அந்த ரூட்டரின் நிஜ மென்பொருளை அதற்குள் ஏற்றினால், தான் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாமல் அது ஓடும். அதன்மேல் படம் வரைந்து கம்பி இழுக்கிற வசதியோடு ஜெரமி கிராஸ்மன் என்பவர் ஜிஎன்எஸ்3 என்பதைக் கொண்டுவந்தார். உலகம் பூராவும் ஒரு தலைமுறை நெட்வொர்க் என்ஜினியர்கள் அதில்தான் கை பழகினார்கள். டைனமிப்ஸால் ஸ்விட்சை மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லை. ஸ்விட்சின் வேலை அதற்கென்றே செதுக்கிய விசேஷச் சில்லுகளில் நடக்கிறது. அதைப் பாவனை செய்வது சுலபமில்லை. ரூட்டரில் பதினாறு போர்ட் ஸ்விட்ச் கார்டைச் சொருகி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நிலைமை ரொம்பத் தேவலை. ஆரம்பிப்பவர்களுக்கு சிஸ்கோவே இலவசமாகத் தருகிற பேக்கெட் டிரேசர் இருக்கிறது. முதல் இரண்டு மாசத்துக்கு அது போதும், நல்லதும்கூட. ஆனால் அது கொலுவில் வைக்கிற சொப்புச் சாமான். அடுப்பு இருக்கும், உருளி இருக்கும், தீ இருக்காது. எழுதியவர் நினைத்த தப்புகள் மட்டும்தான் அதில் நடக்கும். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, கன்டெய்னர்லேப், சிஸ்கோவின் சிஎம்எல் ஆகியவற்றில் ஓடுவது நிஜ மென்பொருள். சின்ன அடுப்புதான், ஆனால் கை சுடும்.

சாமான் என்ன வேண்டும்? ஐந்தாறு வருஷப் பழைய டெஸ்க்டாப் ஒன்று, நாலு கோர் பிராசசர், 16 ஜிபி ராம் இருந்தால் தாராளம். கம்ப்யூட்டரின் பயாஸில் மெய்நிகர் வசதி அணைந்திருந்தால் இயக்கிவிட வேண்டும். பாதிப் பேர் இங்கேயே "நம்ம மெஷின் ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ்தான் வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் லினக்ஸ் போடலாம், கொஞ்சம் மெதுவாக ஓடும்.

ரூட்டருக்கு எஃப்ஆர்ஆர் என்று ஒரு மென்பொருள். குவாக்கா என்ற பழைய திட்டத்திலிருந்து 2017இல் பிரிந்து வந்தது. இலவசம், மூலநிரலும் திறந்தது. நிஜமான டேட்டா சென்டர்களிலேயே ஓடுகிறது. கன்டெய்னராக ஓட்டினால் ஒரு ரூட்டருக்குச் சில பத்து எம்பி ராம்தான் பிடிக்கும். இருபது ரூட்டர் ஓட்டினாலும் கம்ப்யூட்டர் முனகாது. கட்டளைகளும் சிஸ்கோவின் ஜாடையிலேயே இருக்கும். ஸ்விட்சுக்கு லினக்ஸிலேயே இருக்கும் பிரிட்ஜ் போதும், இல்லாவிட்டால் ஓப்பன் விஸ்விட்ச்.

இரண்டு இடத்தில் புதியவர்கள் கட்டாயம் நின்றுபோவார்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் தானாக ஒரு பக்கம் வந்த பொட்டலத்தை மறுபக்கம் தள்ளாது. ஐபி ஃபார்வர்டிங்கை நீங்கள்தான் இயக்க வேண்டும். இரண்டாவது, எஃப்ஆர்ஆரின் புதிய பதிப்புகளில் பிஜிபி உறவு எழும்பும், ஆனால் கொள்கை எதுவும் எழுதாவிட்டால் வெளி நெட்வொர்க்கோடு ஒரு ரூட்டைக்கூடக் கொடுக்காது, வாங்காது. பத்திரத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உறவு இருக்கு, கொடுக்கல் வாங்கல் இல்லை!

சிஸ்கோ மென்பொருளேதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ ஒரு சிநேகிதன் பென் டிரைவில் எல்லா மென்பொருளும் நிரப்பிக் கொடுப்பான். வாங்காதீர்கள். அது உரிமம் உள்ள சரக்கு. தவிர, அதில் யார் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. சிஎம்எல் வாங்கினால் ரூட்டர், ஸ்விட்ச் மென்பொருள்கள் உரிமத்தோடேயே வருகின்றன. ஐந்து சாதனங்கள் வரைக்கும் இலவசப் பதிப்பும் உண்டு. அரிஸ்டா கம்பெனி பெயரைப் பதிவு செய்துகொண்டால் தன் மென்பொருளைக் கன்டெய்னராகக் கொடுக்கிறது. நேர்வழியிலேயே இவ்வளவு கிடைக்கும்போது நம் குழந்தைகளுக்குத் திருட்டுச் சரக்கு எதற்கு?

ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்று பெரிய ஆஸ்பத்திரி. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. கம்ப்யூட்டர்மயமானதில் அந்த நாளில் முன்னணி. 2002 நவம்பர் 13ஆம் தேதி அதன் நெட்வொர்க் ஸ்தம்பித்தது. ஒரு ஆராய்ச்சியாளர் ஏராளமான தகவலை நெட்வொர்க்கில் அனுப்பத் தொடங்கியதில் ஆரம்பித்தது. ஆனால் அவர் மேல் குற்றமில்லை. வருஷக்கணக்காக ஒரு ஸ்விட்சோடு இன்னொரு ஸ்விட்சாக ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்த அமைப்பு அது. சுமை ஏறியதும் மொத்தமும் தள்ளாடியது. சுமார் நாலு நாள். ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாம் காகிதத்துக்குத் திரும்பி, ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சிஸ்கோ என்ஜினியர்களும் புதுச் சாதனங்களும் வந்திறங்கி, நெட்வொர்க்கையே திருத்திக் கட்டினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மூடி மறைக்காமல் பகிரங்கமாகச் சொன்னார். அதனால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

எப்படி ஆயிற்று? இங்கேதான் வாட்ச்மேன். மூன்று கட்டடம், மூன்று வாட்ச்மேன், மூவரும் முக்கோணமாக ஒருவரோடு ஒருவர் இன்டர்காமில் பேசிக்கொள்ளலாம் என்று வையுங்கள். முதல் வாட்ச்மேனிடம் தெரியாத பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. அவன் மற்ற இருவரையும் கேட்கிறான். அவர்களுக்கும் தெரியாது, கேட்டவனை விட்டுவிட்டு மற்றவனைக் கேட்கிறார்கள். அவன் அடுத்தவனை. கேள்வி இரண்டு பக்கமாகவும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ஃப்ளாட்டிலும் மணி அடிக்கும். ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. ரூட்டர் தோறும் ஒன்று குறைந்து பூஜ்யத்தில் செத்துவிடும். ஈதர்நெட் பொட்டலத்துக்கு அந்த ஆயுசுக் கணக்கே கிடையாது. சிரஞ்சீவி! கம்பியை யாராவது பிடுங்கினால்தான் சாகும்.

இதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார், அப்போது டிஇசி கம்பெனியில் இருந்தவர், ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடமிருந்து கிளைகளாகப் பிரிகிற மாதிரி வழி வைத்துக்கொண்டு, சுற்றை உண்டாக்குகிற மிச்சக் கம்பியைத் தற்காலிகமாக மூடிவிடும். தலைவர் தேர்தல் எப்படி என்றால், யாரும் முன்னுரிமை எண்ணை மாற்றாவிட்டால் எல்லோருக்கும் 32768. சமமாகிவிட்டால் எந்த ஸ்விட்சின் எண் சின்னதோ அது தலைவர். ஒரே கம்பெனி சரக்கில் சின்ன எண் பெரும்பாலும் மிகப் பழைய பெட்டிக்குத்தான் இருக்கும். அதாவது யாரும் கவனிக்காவிட்டால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் வயசான ஸ்விட்ச் மொத்த நெட்வொர்க்குக்கும் தலைவராகிவிடும். நம் சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. வழக்கமான நேரக் கணக்குகள், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏழு ஸ்விட்சுக்கு மேல் போகாது என்று வைத்துப் போட்டவை. பாஸ்டனில் அது மீறப்பட்டிருந்தது. ஸ்விட்சுகள் பேசிக்கொள்ளும் செய்தி சுமையில் தாமதமானதும், மூடியிருக்க வேண்டிய வழி திறந்து, சிரஞ்சீவிகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

இதை உங்கள் மேஜையில் செய்து பார்க்கலாம். மூன்று லினக்ஸ் பிரிட்ஜ், முக்கோணமாக மூன்று கம்பி. லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பானிங் ட்ரீ இயல்பாகவே அணைந்துதான் இருக்கும், தொட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன மெஷினை இணைத்து ஒரே ஒரு பிங் அனுப்புங்கள். "இந்த ஐபி யாருடையது?" என்று அது முதலில் எல்லோரையும் கேட்கும் கேள்வி ஒன்றே போதும். வயர்ஷார்க் எண்ணிக்கை சில விநாடியில் ஆயிரம், லட்சம் என்று ஓடும், விசிறி இரையும், மௌஸ் நகராது. ஒரு கம்பியை அணையுங்கள், உடனே நிசப்தம். பிறகு ஸ்பானிங் ட்ரீயை இயக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். இந்தத் தடவை ஒரு போர்ட் மூடிக்கொள்ளும். தலைவரின் கம்பியைத் துண்டித்து, மூடிய வழி திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பழைய முறையில் முப்பதிலிருந்து ஐம்பது விநாடி. ஆஸ்பத்திரியில் ஐம்பது விநாடி என்றால் என்ன என்று யோசியுங்கள். 2001இல் வந்த வேகமான முறை எதற்கு என்று அப்போது தானாகப் புரியும்.

இன்னொரு பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 பிப்ரவரி 24ஆம் தேதி, பாகிஸ்தான் அரசு தன் நாட்டில் யூட்யூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஒரு ரூட்டை வெளியே விட்டுவிட்டது. மேலே இருந்த பிசிசிடபிள்யூ என்ற கம்பெனி சரிபார்க்காமல் உலகத்துக்கே சொல்லிவிட்டது. யூட்யூப் தன் விலாசத்தை /22 என்ற பெரிய கட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்த பொய் ரூட் /24. 'மாட்டுங்கா' என்று எழுதியதைவிட 'மாட்டுங்கா, இன்ன தெரு' என்று எழுதியதைத்தான் தபால்காரர் நம்புவார். ரூட்டரும் அப்படித்தான். சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பாகங்களில் யூட்யூப் கிடையாது. நாலு எஃப்ஆர்ஆர் ரூட்டர் இருந்தால் இதை அப்படியே நடத்தலாம். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிய 203.0.113.0/24 என்ற விலாசத்தை உடையவன் அறிவிக்கட்டும். திருடன் அதில் பாதியை /25 என்று அறிவிக்கட்டும். பொட்டலம் எந்தப் பக்கம் போகிறது பாருங்கள். பிறகு நடு ரூட்டரில் வடிகட்டி எழுதித் திருடனை நிறுத்துங்கள். நிறுத்துகிற அந்தப் பகுதியைச் செய்யாமல் படுக்கப் போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. லேபை வீட்டு வைஃபையோடு இணைக்காதீர்கள். லேபில் வைத்த டிஹெச்சிபி வெளியே கசிந்தால், வீட்டில் இருக்கிற எல்லா ஃபோனுக்கும் டிவிக்கும் தப்பு விலாசம் கொடுத்துவிடும். பாட்டியின் சீரியல் நிற்கும். அதற்கப்புறம் லேபும் நிற்கும்.

இந்த லேபில் வராத விஷயங்களும் உண்டு. பாதி ஒடிந்த கேபிள், அழுக்குப் படிந்த ஃபைபர் முனை, ஏசி கெட்டுப்போன சர்வர் ரூம், சில்லின் நிஜ வேகம் இதெல்லாம் இதில் கிடைக்காது. இரண்டு பழைய ஸ்விட்ச் மலிவாகக் கிடைத்தால் கேபிள் கிரிம்ப் செய்து பழக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்டர்வியூவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பக்கம்: என்ன கெடுத்தேன், என்ன தெரிந்தது, எதை முதலில் சந்தேகப்பட்டேன், கடைசியில் எது. ஒரு பெண் இப்படி நாற்பது பக்கம் எழுதிய நோட்டோடு வந்தாள், சர்ட்டிபிகேட் எதுவும் கிடையாது. எங்கள் எக்ஸ்ஸ்டார்ட் கேள்விக்கு, "சார், எம்டியு. பக்கம் பதினேழு" என்றாள். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய இன்டர்வியூ ஒன்றரை மணி போயிற்று. பாதிக் கேள்வி அவள்தான் எங்களைக் கேட்டாள். அவளுக்குத்தான் வேலை.

பேச்சு முடிந்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு மாமி கேட்ட கேள்வியையும் பதிலையும் இங்கே சேர்க்கிறேன். "என் மாட்டுப்பெண் குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் நாலு வருஷமா வேலையை விட்டுட்டா. இதே துறைதான். ஆத்துல இருக்கறது பழைய லேப்டாப், 4 ஜிபிதான். புதுசு வாங்கணுமா?" வாங்க வேண்டாம் மாமி. திரை அலங்காரம் இல்லாத லினக்ஸாகப் போட்டு, எஃப்ஆர்ஆர் ரூட்டர் ஆறு, பிரிட்ஜ் மூன்று வைத்தால் அதிலேயே ஓடும். நான் இப்போது சொன்ன எல்லாப் பயிற்சியும் அதில் அடங்கும். சிஸ்கோ, அரிஸ்டா மென்பொருளுக்கு மட்டும் ராம் போதாது, அது பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். தினம் குழந்தை தூங்குகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளை யாரும் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிடாமல் இருந்தால் தேவலை. அதை மாமிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.